சங்கத்துக்கு வெப்சைட்: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்தில் நான் துணைச் செயலாளர். சங்கத்துக்கு வெப்சைட் போட்டு இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்து ஜவ்வரிசி, அரிசி மண்டி, விசைத்தறி, லாரி என்று மற்றத் தொழில்காரர்கள் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் முக்கால் மணி நேரம் பேசுவதற்குப் பதில் எழுதி வைத்துவிட்டேன். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, பட்டறைக்காரன். அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப் இருக்கிறதே, அப்புறம் வெப்சைட் எதற்கு?

குரூப் நமக்குள் பேசிக்கொள்ள. வெள்ளி விலை, மீட்டிங் தேதி, துக்கச் செய்தி எல்லாம் அங்கேயே ஓடட்டும். ஆனால் நம்மைத் தெரியாத ஒருவர், நாக்பூரில் நகைக்கடை வைத்திருப்பவர் என்று வைத்துக்கொள்வோம், அந்தக் குரூப்புக்குள் எப்படி வருவார்? சேலத்தில் சலங்கைக் கொலுசை கிலோ கணக்கில் யார் செய்து தருகிறார்கள் என்று அவர் கூகுளில்தான் தேடுவார். தவிர, ஒரு குரூப்பில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. போன ஆடி மாதம் போட்ட சுற்றறிக்கையை இன்று அதில் தேடிப் பாருங்கள். குட் மார்னிங் பூங்கொத்துகளைத் தாண்டி அதைக் கண்டுபிடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? நல்ல டிசைனர் யாராவது தெரியுமா?

டிசைனரை அப்புறம் பார்க்கலாம். முதலில் உறுப்பினர் பதிவேட்டை எடுத்து மேஜைமேல் வையுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் அந்தப் பதிவேடு எப்படியும் இருந்தாக வேண்டும். ஒரு சங்கத்தின் வெப்சைட் என்பது அந்தப் பட்டியல்தான் என்பது என் கட்சி. வரலாறு, நிர்வாகிகள், விழாப் படங்கள் எல்லாம் அதைச் சுற்றி வருகிறவை. வெளியூர்க்காரர் தேடி வருவது பட்டியலுக்கு. உறுப்பினர் தன் பேரைத் தேடிப் பார்ப்பதும் பட்டியலில்தான்.

எங்கள் பதிவேட்டைத் திறந்தபோது பாதி செல் நம்பர்கள் செத்துக் கிடந்தன. ஒரே ஆள் அப்பா பேரில் ஒரு முறை, தன் பேரில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் இருந்தார். ஒரே இனிஷியலில் மூன்று முருகேசன். இதைச் சரிசெய்ய எங்கள் ஆபீஸ் பையனுக்கு மூன்று மாதம் ஆனது. தினம் பத்துப் பேருக்குப் போன், அவ்வளவுதான். வெப்சைட் கட்டியது அதைவிடக் குறைந்த நாளில்.

பட்டியலில் என்னென்ன விவரம் இருக்க வேண்டும்?

பேர், கடைப் பேர், போன் என்று மூன்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள். என்ன வேலை செய்கிறார் என்பதுதான் முக்கியம். கொலுசு ஒரே கையில் முடிகிற பொருள் இல்லை. வெள்ளியை உருக்குகிறவர் ஒருவர், கம்பி இழுக்கிறவர் இன்னொருவர், சலங்கை செய்கிறவர் வேறொருவர். கண்ணி கோப்பதும் பற்றவைப்பதும் பெரும்பாலும் வீடுகளில் நடக்கிறது. கடைசியில் மெருகு. ‘உற்பத்தியாளர்’ என்று எல்லோருக்கும் ஒரே பட்டம் கொடுத்துவிட்டால், மெருகு மட்டும் போடத் தேடுகிறவருக்கு அந்தப் பட்டியலால் என்ன பிரயோஜனம்? நாங்கள் வேலைவாரியாகப் பிரித்தோம். ஒருவர் மூன்று வேலை செய்தால் மூன்றிலும் வருவார். உங்கள் தொழிலிலும் இப்படி ஒரு பிரிவு இருக்கும். லாரி என்றால் எந்த ரூட், எத்தனை டன். அரிசி மண்டி என்றால் என்ன ரகம், மொத்தமா சில்லறையா.

ஏரியா பேரை அவரவர் கையால் டைப் செய்ய விடாதீர்கள். நாங்கள் விட்டுப் பார்த்தோம். செவ்வாய்பேட்டை, செவ்வாப்பேட்டை, ஷெவாபேட், எஸ்.பேட்டை என்று ஒரே ஊர் நான்காகப் பிரிந்து, தேடினால் கால்வாசி ஆட்கள் மட்டும் வந்தார்கள். இப்போது ஏரியா ஒரு பட்டியலாக வருகிறது: செவ்வாய்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, மணியனூர், கொண்டலாம்பட்டி. அதில் ஒன்றைத் தொட்டால் போதும்.

இன்னொரு சங்கதி, சிரிப்பாக இருக்கும், ஆனால் சண்டையே வந்தது. பெயர்களை அகர வரிசையில் போடச் சொன்னோம். சகாதேவன் மேலேயும் சக்திவேல் கீழேயும் வந்தார்கள். நம் அகராதி வழக்கப்படி புள்ளி வைத்த எழுத்துதான் முதலில் வரும், அதாவது சக்திவேல்தான் மேலே இருக்க வேண்டும். அவர் விடவில்லை, கமிட்டியிலேயே கேட்டுவிட்டார். காரணம் என்னவென்றால், கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் புள்ளிக்குக் கொடுத்த எண் கால், கொம்பு இவற்றின் எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. வெறும் எண் வரிசையில் அடுக்கினால் இப்படித்தான் புரளும். தமிழ் முறைப்படி அடுக்க ஏற்பாடு உண்டு, அதைப் போடச் சொன்னால் ஒரு வரியில் போட்டுவிடுவார்கள். ஆனால் நீங்கள் சொல்ல வேண்டும். சங்கத்தில் யார் பேர் மேலே என்பது சின்ன விஷயம் இல்லை என்று டிசைனருக்கு எங்கே தெரியப் போகிறது?

வெப்சைட் முகவரியை யார் பேரில் வாங்குவது?

சங்கத்தின் பேரில். இதில் மட்டும் நெகிழாதீர்கள். எங்களிடம் இதற்கு முன்பே ஒரு வெப்சைட் இருந்தது. அப்போது செய்து கொடுத்தவர் முகவரியைத் தன் சொந்த இமெயிலில், தன் பேரில் பதிந்துகொண்டார். கெட்ட எண்ணம் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். பிறகு அவர் வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்கள் அவருக்குப் போயின, பார்க்க ஆள் இல்லை. ஒரு நாள் வடநாட்டு வியாபாரி ஒருவர் போன் செய்து, ‘உங்கள் சங்கத்தைத் திறந்தால் ரம்மி விளையாடக் கூப்பிடுகிறதே’ என்றார். காலாவதியான முகவரியை எவனோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிட்டான். விசிட்டிங் கார்டு, லெட்டர்பேட், டைரி எல்லாவற்றிலும் அந்த முகவரி அச்சாகி இருந்தது. லெட்டர்பேட்டில் கறுப்பு மையால் அடித்து அடித்து ஒரு வருஷம் ஓட்டினோம்.

ஆகவே, முதலில் சங்கத்துக்கென்று ஒரு இமெயில். அதில் முகவரியைப் பதியுங்கள். பில் சங்கத்தின் பேரில் வரட்டும். புதுப்பிக்கும் தேதி ஆபீஸ் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கட்டும். பத்து வருஷம் வரை மொத்தமாகக் கட்டிவிடலாம், நாங்கள் ஐந்து வருஷத்துக்குக் கட்டினோம். டாட் இன் போதும், நம் நாட்டு முகவரி. தமிழிலேயே டாட் இந்தியா என்று முடிகிற முகவரியும் கிடைக்கிறது. ஆசையாக இருந்தால் கூடுதலாக வாங்கி இதனுடன் இணைத்துவிடுங்கள். அது மட்டும் போதும் என்று இருக்க வேண்டாம், தமிழ் கீபோர்டு இல்லாதவர் அதை டைப் செய்ய முடியாது.

தமிழில் வைப்பதா, இங்கிலீஷிலா?

வருகிறவர் யார் என்று பாருங்கள். எங்களுக்கு உறுப்பினர்கள் தமிழ், வாங்குகிறவர்களில் பாதிக்கு மேல் வெளிமாநிலம். அதனால் சுற்றறிக்கை, விண்ணப்பம், பைலா எல்லாம் தமிழில். உறுப்பினர் பட்டியல் தமிழிலும் இங்கிலீஷிலும். முகப்புப் பக்கம் மட்டும் இந்தியிலும் ஒன்று, அதைத் தெரிந்தவரை வைத்து எழுதினோம். மெஷின் மொழிபெயர்ப்பைப் போட்டுப் பார்த்தபோது கண்ணியைக் கன்னி என்று எடுத்துக்கொண்டு என்னவோ எழுதியது.

தமிழில் இன்னொரு தொல்லை பழைய ஃபைல்கள். சங்கத்துத் தீர்மானங்கள் எல்லாம் டிடிபி சென்டரில் பாமினியிலோ வானவில்லிலோ அடித்தவையாக இருக்கும். அவற்றை அப்படியே காப்பி செய்து ஒட்டினால் வெப்சைட்டில் வெறும் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமாகக் கொட்டும். அந்த எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை உட்கார வைத்தவை. யூனிகோடுக்கு மாற்றித்தான் போட வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல், கோவை செம்மொழி மாநாட்டு நேரத்தில், யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியதும் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், ஒற்றைக்கொம்பு இடம் மாறி உட்கார்ந்திருக்கும். எழுத்துருவுக்குக் காசு கொடுக்க வேண்டாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், மீரா இனிமை எல்லாம் இலவசம்.

செலவு எவ்வளவு ஆகும்?

நான் தொகை சொன்னால் அதையே பிடித்துக்கொள்வீர்கள். கொட்டேஷன் வாங்கும்போது இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: ஒரு தடவை ஆகும் செலவு, வருஷா வருஷம் ஆகும் செலவு. முகவரி, இடவாடகை (வெப்சைட்டை வைத்திருக்கிற சர்வருக்கான ஹோஸ்டிங் கட்டணம்), பராமரிப்பு ஆகியவை இரண்டாவதில் வரும். பூட்டு அடையாளம் வருவதற்கான பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகப் பெரிய தொகை கேட்டால், லெட்ஸ் என்கிரிப்ட் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிற அமைப்பு அது என்பது அவருக்கும் தெரியும்.

வேர்ட்பிரஸ் போதுமா, புதிதாக எழுதச் சொல்வதா?

வேர்ட்பிரஸ் போதும், வெப்சைட் கட்ட இலவசமாகக் கிடைக்கிற ரெடிமேட் மென்பொருள் அது. இந்த ஆள் போனால் இன்னொரு ஆள் இங்கே சேலம் ஐந்து ரோட்டிலேயே கிடைப்பார், அதுதான் காரணம். ப்ளக்கின் என்கிற கூடுதல் இணைப்பு நிரல்களைக் கண்டபடி ஏற்ற விடாதீர்கள், அப்டேட் செய்யாத ப்ளக்கின் வழியாகத்தான் திருடன் வருவான்.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் லாகின், பாஸ்வேர்ட் கொடுக்கலாமா?

எங்களிடம் இதைத்தான் முதலில் விற்கப் பார்த்தார்கள். அவரவர் விவரத்தை அவரவரே மாற்றிக்கொள்வார்களாம். கேட்க நன்றாக இருக்கிறது. அறுபது வயது பட்டறைக்காரர் வருஷத்துக்கு ஒரு முறை போன் நம்பர் மாற்ற பாஸ்வேர்டை ஞாபகம் வைத்திருப்பாரா? ‘ஓடிபி அனுப்பலாம் சார்’ என்றார்கள். எஸ்எம்எஸ் அனுப்ப, டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, அனுப்புகிற பேரையும் வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிய வேண்டும். அதற்குத் தனி அலைச்சல். தமிழில் அனுப்பினால் இன்னொரு கணக்கு. இங்கிலீஷ் எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70தான். அதிலும் ‘கொலுசு’ என்ற மூன்றெழுத்தை அது ஆறாக எண்ணும், கொம்பு கால் எல்லாம் தனித்தனிக் கணக்கு. ஒரு செய்தி இரண்டாக உடைந்து இரண்டு மடங்கு காசு போகும்.

நாங்கள் லாகின் வைக்கவில்லை. மாற்றம் இருந்தால் சங்க நம்பருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ், ஆபீஸ் பையன் சாயங்காலம் திருத்திவிடுவான். இரண்டாயிரம் உறுப்பினர் உள்ள சங்கம் என்றால் வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருக்கும்.

டிசைன் படங்களைப் போட்டால் காப்பி அடித்துவிட மாட்டார்களா?

அடிப்பார்கள். போடாவிட்டாலும் அடிப்பார்கள், தீபாவளி சீசனில் ஒரு ஜோடி கடைக்கு வந்தால் போதும். இருந்தாலும் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். டிசைன்ஸ் சட்டம் 2000 என்று ஒன்று இருக்கிறது. ஒரு வடிவத்தைப் பதிந்தால் பத்து வருஷம் உரிமை, மேலும் ஐந்து வருஷம் நீட்டிக்கலாம். விண்ணப்பத்தைச் சென்னையிலேயே கொடுக்கலாம். ஆனால் விண்ணப்பிக்கும் முன்பே அந்த வடிவத்தை வெளியிட்டிருந்தால் அது புதியது இல்லை என்று ஆகிவிடும், பதிவு கிடைக்காது. உங்கள் சங்க வெப்சைட்டில் நீங்களே ஆசையாகப் போட்ட படமும் வெளியீடுதான். ஆகவே, பதிய நினைக்கிற புது மாடலை வெப்சைட்டில் ஏற்றாதீர்கள், ஸ்டேட்டஸிலும் வைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் பத்து வருஷமாக ஓடுகிற மாடல்கள்தான் இருக்கின்றன. ‘புதிய மாடலுக்கு நேரில் வாருங்கள்’ என்று கீழே ஒரு வரி.

படம் எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம். வெள்ளி கண்ணாடி மாதிரி, எதிரில் நிற்கிற உங்கள் கட்டம்போட்ட சட்டை அதில் தெரியும். காலையில் ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டி, கீழே நீல வெல்வெட் துணி விரித்து, போனிலேயே எடுத்தோம். வெல்வெட்டில் தூசி ஒட்டும், செல்லோ டேப்பால் ஒற்றி எடுங்கள். சலங்கை ஒவ்வொன்றாகத் தெரிகிற மாதிரி கொலுசை வளைத்து வைக்க எங்கள் பொருளாளரின் மனைவிக்குத்தான் கை வந்தது. படத்தைச் சுருக்கித்தான் ஏற்ற வேண்டும். போனில் எடுத்ததை அப்படியே ஏற்றினால் ஒரு படமே ஐந்தாறு எம்பி இருக்கும். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, பாதி வளைவில் சிக்னல் போய்விடும். அங்கே நின்று திறந்து பாருங்கள், உங்கள் வெப்சைட்டின் லட்சணம் தெரிந்துவிடும். அங்கே காபித் தோட்டம் வைத்திருக்கிற நண்பர் ஒருவர்தான் எங்களுக்கு இதைச் சொன்னார்.

விலை போடலாமா?

வேண்டாம். வெள்ளி தினம் மாறுகிறது, கூலி ஆளுக்கு ஆள் மாறுகிறது. போட்டால் உள்ளுக்குள் சண்டைதான் மிஞ்சும்.

உறுப்பினரின் போன், முகவரி எல்லாவற்றையும் பொதுவில் போடுவது சரியா?

இதைக் கேட்கிற சங்கங்கள் குறைவு. வீட்டிலேயே பட்டறை, மேஜை டிராயரில் சில கிலோ வெள்ளி, பகலில் பெண்கள் மட்டும் இருக்கிற வீடு. அந்த வீட்டின் கதவு எண்ணையும் மேப் அடையாளத்தையும் நாமே ஊருக்குச் சொல்லலாமா? எங்கள் பட்டியலில் ஏரியா பேர் மட்டும்தான் இருக்கும். கடைவீதியில் போர்டு மாட்டிய கடைக்கு மட்டும் முழு முகவரி. வீட்டில் கண்ணி கோக்கும் பெண்களின் நம்பர் பட்டியலிலேயே கிடையாது. வேலை கொடுக்கிறவர் சங்க நம்பருக்குக் கூப்பிடலாம், நாங்கள் கேட்டுச் சொல்வோம்.

2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஒருவர் விவரத்தை எதற்காக வாங்குகிறோம் என்று எளிமையாகச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், அவர் பிறகு வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெரிய வக்கீல் வேலை இல்லை. சந்தா ரசீது கொடுக்கும்போதே அரைப் பக்கத் தமிழ்ப் படிவம்: ‘என் பேர், கடைப் பேர், போன் நம்பரைச் சங்க வெப்சைட்டில் வெளியிடச் சம்மதம்.’ ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம், கீழே கையெழுத்து. எங்களில் சிலர் போன் நம்பர் கட்டத்தை மட்டும் காலியாக விட்டார்கள். விட்டுவிட்டோம்.

சந்தாவை ஆன்லைனில் வாங்கலாமா?

சங்கத்தின் வங்கிக் கணக்கோடு சேர்ந்த க்யூஆர் கோடு ஒன்று போதும். பொருளாளரின் சொந்த ஜிபே நம்பரைப் போடாதீர்கள், அவர் யோக்கியராக இருந்தாலும் ஆடிட்டரிடம் திணற வேண்டி வரும். பணம் வந்ததும் ரசீது இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ போக வேண்டும். வணிகம், தொழில் வளர்ச்சிக்கான, பதிவு பெற்ற லாப நோக்கற்ற அமைப்பு தன் உறுப்பினரிடம் வருஷத்துக்கு 1,000 ரூபாய் வரை வாங்கும் சந்தாவுக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. உங்கள் சந்தா அதைத் தாண்டினால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுத் தொகையை அச்சடியுங்கள்.

கூகுளில் தேடினால் எங்கள் சங்கம் வரவில்லையே?

உங்கள் வெப்சைட்டில் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பல சங்கங்கள் லெட்டர்பேடில் அடித்த அறிவிப்பை போட்டோ எடுத்து அப்படியே ஏற்றிவிடுகின்றன. படத்துக்குள் இருக்கிற எழுத்து தேடலில் சரியாகச் சிக்காது, அதிலிருந்து நம்பரைத் தொட்டு போன் பண்ணவும் முடியாது. அறிவிப்பை டைப் செய்து போடுங்கள், கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமென்றால் பிடிஎஃப்பைக் கீழே இணையுங்கள். ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனிப் பக்கம் இருக்கட்டும், ‘சலங்கைக் கொலுசு, சிவதாபுரம், சேலம்’ என்று தலைப்பிலேயே இருக்கட்டும். எங்களுக்கு நாலைந்து மாதம் கழித்துத்தான் மேலே வர ஆரம்பித்தது.

தலைவர் படத்தை முகப்பில் பெரிதாகப் போடச் சொல்கிறார். என்ன செய்வது?

போடுங்கள். ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் இன்னும் பெரிதாகப் போடுங்கள். முகப்பில் தேடல் பெட்டிதான் இருக்க வேண்டும். எங்கள் கமிட்டியில் இதற்கு இரண்டு மீட்டிங்கும் ஏகப்பட்ட தட்டுவடை செட்டும் செலவாயின. கடைசியில் தலைவரே தன் போனில் திறந்து, தன் படத்தைத் தள்ளித் தள்ளிப் பட்டியலுக்குப் போகக் கஷ்டப்பட்டு, ‘எடுத்துடுப்பா’ என்றார்.

நிர்வாகிகள் மாறினால் வெப்சைட் என்ன ஆகும்?

பெரும்பாலும் செத்துப் போகும். சேலத்திலேயே பல சங்க வெப்சைட்களில் இரண்டு தேர்தலுக்கு முந்தைய தலைவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இமெயில், முகவரி, இடவாடகை, வேர்ட்பிரஸ் நான்கின் பாஸ்வேர்டையும் ஒரு தாளில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, அரக்கு வைத்து, சங்க பீரோவில் வைத்திருக்கிறோம். பொறுப்பு ஒப்படைக்கும் தீர்மானத்தில் முத்திரை, காசோலைப் புத்தகம், மினிட் புத்தகத்தோடு ‘வெப்சைட் கவர் ஒன்று’ என்றும் எழுதுகிறோம். இரண்டடுக்குப் பாதுகாப்புக்கான செல் நம்பரும் சங்க நம்பர்தான். மாதம் ஒரு முறை முழு நகல் எடுத்து ஹார்டு டிஸ்கில் போடுவது ஆபீஸ் பையன் வேலை. அவனுக்கு அதற்காக மாதம் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறோம். இலவசமாகச் செய்யச் சொன்னால் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

வெப்சைட்டால் ஆர்டர் வந்ததா?

வந்தது. முதல் மாதம் வந்த போன்களில் பாதி, ‘கொலுசுத் திருகாணி தொலைஞ்சு போச்சுங்க, ஒன்னு மட்டும் கிடைக்குமா?’ மீதியில் பாதி, பேரனுக்கு ஒரு ஜோடி தண்டை. மொத்தமாகச் செய்கிற பட்டறைக்காரர்கள் எரிச்சலில் என்னைத் திட்டினார்கள். முகப்பில் ‘சில்லறை விற்பனை இல்லை’ என்று போட்டோம். அப்புறமும் வந்தது. இப்போது அந்த வரியை எடுத்துவிட்டு, ‘ஒரு ஜோடி, ரிப்பேர், திருகாணி’ என்று தனிப் பிரிவு வைத்திருக்கிறோம். கடைவீதியில் கடை வைத்திருக்கிற நாலு உறுப்பினர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம்தான் அதிகம் பேர் பார்க்கிற பக்கம். வெளிமாநில ஆர்டரும் வருகிறது, எவ்வளவு என்று யாரும் சங்கத்தில் சொல்வதில்லை. போன வருஷம் போன் நம்பர் கட்டத்தைக் காலியாக விட்டவர்களில் மூன்று பேர் இந்த வருஷம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.